நிலா ராஜ்ஜியத்துக்கு வழி எது? ஓடிப்போன இரண்டு சிறுவர்களின் தீவைத் தேடி...

நியூ பென்சான்ஸ். அமெரிக்காவின் கிழக்குக் கடலோரத்தில் 16 மைல் நீளமுள்ள ஒரு தீவு. பைன் மரக்காடு, ஆழமில்லாத ஓடைகள், குறுக்கும் நெடுக்குமாக ஒற்றையடிப் பாதைகள். தார்ச்சாலை கிடையாது. தினமும் இரண்டு முறை ஃபெர்ரி வந்துபோகும். சிவப்புக் கோட் போட்ட பெரியவர் ஒருவர் கடற்கரையில் நின்று, கேமராவைப் பார்த்து இதையெல்லாம் நமக்குச் சொல்கிறார். வருடம் 1965. இன்னும் 3 நாளில், செப்டம்பர் 5-ம் தேதி, இந்தத் தீவைப் பெரும்புயல் தாக்கப்போகிறது என்பதையும் ரயில் நேரம் அறிவிப்பதுபோலச் சொல்லிவிடுகிறார்.

கூகுள் மேப்பில் நியூ பென்சான்ஸ் என்று போட்டுப் பாருங்கள். இந்தத் தீவு கிடைக்காது. 2012-ல் வெளியான 'மூன்ரைஸ் கிங்டம்' படத்துக்காக இயக்குநர் வெஸ் ஆண்டர்சனும் அவருடன் சேர்ந்து திரைக்கதை எழுதிய ரோமன் கொப்போலாவும் கற்பனையில் உருவாக்கிய தீவு அது.

ஆனால் படத்தில் தெரியும் கடல் நிஜம். பாறை நிஜம். அந்தச் சிவப்பு வீடும், தேவாலயமும், காடும் நிஜம். எல்லாமே ரோட் ஐலண்ட் என்ற ஒரே மாநிலத்தில் இருக்கின்றன. அமெரிக்காவின் 50 மாநிலங்களில் பரப்பளவில் மிகச் சிறியது அதுதான். நடுவில் நராகன்செட் வளைகுடா மாநிலத்தையே கிழித்துக்கொண்டு உள்ளே போகிறது. அந்த வளைகுடாவில் சிதறிக்கிடக்கும் தீவுகளில்தான் 2011-ல் படப்பிடிப்பு நடந்தது.

இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது 'சினிமா லொக்கேஷன் டூர்' என்று சிம்பிளாக முடித்துவிடலாம் என்றுதான் மேப்பைத் திறந்தேன். தீவுகளின் பெயர்களைப் படிக்க ஆரம்பித்ததும் கதை வேறு பக்கம் போய்விட்டது.

முதலில் படத்தைப் பார்த்துவிடலாம்.

சாம், சூஸி. இருவருக்கும் 12 வயது. சாம் சாரணர் முகாமில் இருக்கும் பையன். கனமான கண்ணாடி, தலையில் ரக்கூன் தோல் தொப்பி, கூட யாரும் சேர்த்துக்கொள்ளாத தனிமை. சூஸி, தீவின் பெரிய வீடு ஒன்றில் வக்கீல் அப்பா, வக்கீல் அம்மா, மூன்று தம்பிகளோடு வாழ்கிற பெண். அந்த வீட்டில் அம்மா சாப்பிடக் கூப்பிடுவதே மெகாபோனில்தான். ஒரே வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் பாருங்கள்! சூஸி நாள் முழுக்கப் பைனாகுலரும் கையுமாக ஜன்னலில் நிற்கிறாள். அந்தப் பைனாகுலரில் ஒருநாள், ஊர் போலீஸ்காரரை அம்மா ரகசியமாகச் சந்திப்பதையும் பார்த்துவிடுகிறாள்.

ஒரு வருடத்துக்கு முன்பு, தேவாலயத்தில் நடந்த இசை நாடகத்தில்தான் சாமும் சூஸியும் சந்தித்தார்கள். அவள் அண்டங்காக்கை வேஷம் போட்டிருந்தாள். பிறகு ஒரு வருடம் கடிதப் போக்குவரத்து. கடைசியில் நாள், இடம் எல்லாம் குறித்து, இருவரும் வீட்டையும் முகாமையும் விட்டு ஓடிப்போகிறார்கள்.

நம் சினிமாவில் 'ஓடிப்போவது' என்றால் விடியற்காலை பஸ் ஸ்டாண்ட், கையில் ஒரு பை, பின்னால் துரத்தும் சுமோக்கள். இங்கே ஓடிப்போவதற்குத் திசையே கிடையாது. எந்தப் பக்கம் ஓடினாலும் கடல் வந்துவிடும். படத்தின் குறும்பும் சோகமும் இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது. தப்பிக்க முடியாத இடத்தில் தப்பிக்கப் பார்க்கிறார்கள். இருவருக்கும் அது தெரிந்தே இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவர்கள் எடுத்துப்போகும் சாமான்களைப் பார்த்தால் போதும். சாம், கூடாரம் முதல் மீன் தூண்டில் வரை சாரணனுக்குத் தேவையான எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வருகிறான். சூஸியோ ஒரு சூட்கேஸ் நிறைய நூலகத்தில் சுட்ட கதைப் புத்தகங்கள், தம்பியின் பேட்டரி ரெக்கார்டு பிளேயர், கூடையில் ஒரு பூனைக்குட்டி, அதற்கு டப்பா டப்பாவாகச் சாப்பாடு, இடது கைக்காரர்களுக்கான கத்தரிக்கோல். ஒருவன் காட்டில் பிழைக்கத் தயாராக வந்திருக்கிறான். இன்னொருத்தி காட்டில் ஒரு வீடு போட வந்திருக்கிறாள்.

ஆதிகாலத்துப் பழங்குடியினர் அறுவடைக் காலத்தில் இடம்பெயர்ந்த ஒரு பாதையில் நடந்து, கடைசியில் ஒரு சிறிய குடாவுக்கு வந்துசேர்கிறார்கள். மேப்பில் அதற்குப் பெயர்கூடக் கிடையாது. மைல் கணக்கை வைத்து ஓர் எண். அவ்வளவுதான். அந்த எண் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. தாங்களே ஒரு பெயர் வைக்கிறார்கள். என்ன பெயர் என்பதைப் படம் கடைசி நொடியில்தான் காட்டும். தலைப்பைப் படித்த நமக்கு முதலிலேயே தெரிந்துவிடுவது வேறு விஷயம்.

விரட்டப்பட்டவர்கள் வைத்த பெயர்கள்

பெயர் வைக்கும் விளையாட்டு நராகன்செட் வளைகுடாவுக்குப் புதிதல்ல. மேப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் ப்ரூடன்ஸ் தீவு. அதன் பக்கத்திலேயே பேஷன்ஸ் தீவு. கொஞ்சம் தள்ளி ஹோப் தீவு. அதை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத அளவில் டெஸ்பேர் தீவு. விவேகம், பொறுமை, நம்பிக்கை, விரக்தி. ஒரு மனுஷனின் மனநிலையை அப்படியே தண்ணீரில் தெளித்துவிட்ட மாதிரி!

இந்தப் பெயர்களோடு சொல்லப்படும் மனிதர் ரோஜர் வில்லியம்ஸ். ரோட் ஐலண்டை உருவாக்கியவர். அவரும் ஓடிவந்தவர்தான். மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் மத போதகராக இருந்தவர், மத விஷயத்தில் அரசு தலையிடக் கூடாது என்றும், பழங்குடியினரின் நிலத்தை அவர்களிடம் விலை பேசாமல் எடுத்துக்கொள்ள இங்கிலாந்து ராஜாவுக்கு உரிமை இல்லை என்றும் பேசினார். 1635-ல் அவரை நாடு கடத்தத் தீர்ப்பானது. பிடித்துக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்ப ஆள் வரும் முன்னே, 1636 ஜனவரியில், பனி கொட்டும் குளிரில் வீட்டை விட்டு வெளியேறினார். அவரை அந்தக் குளிர்காலத்தில் காப்பாற்றியவர்கள் வாம்பனோவாக் பழங்குடியினர். பிறகு நராகன்செட் மக்களின் தலைவர்களான கனானிகஸும் மியாண்டனோமியும் கொடுத்த நிலத்தில் அவர் அமைத்த ஊர்தான் பிராவிடன்ஸ். இன்றைக்கு மாநிலத் தலைநகர்.

அவருக்குப் பின்னால் ஆன் ஹட்சின்சன் வந்தார். ஒரு பெண், வீட்டில் கூட்டம் போட்டு மத விளக்கம் சொல்வதா என்று அதே மாசசூசெட்ஸ் அவரையும் 1638-ல் வெளியேற்றியது. அவரைப் பின்பற்றியவர்கள் இதே வளைகுடாவின் பெரிய தீவில் குடியேறினார்கள்.

ஆக, ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களும் ஓடிவந்தவர்களும் சேர்ந்து உருவாக்கிய மாநிலம் இது. ஆண்டர்சன் இந்தச் சரித்திரத்தைப் படத்தில் ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை. அவர் இடம் தேடிய காரணம் இதுவாக இருக்கும் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஓடிப்போன இரண்டு சிறுவர்கள் ஒரு கடற்கரைக்குப் பெயர் வைக்கிற காட்சியை எடுக்க இதைவிடப் பொருத்தமான தண்ணீர் கிடைக்காது.

படத்துக்கு அதிகம் பயன்பட்ட தீவின் பெயர் கனானிகட். மேலே சொன்ன தலைவர் கனானிகஸின் பெயரால் வந்தது. தீவு முழுவதும் ஜேம்ஸ்டவுன் என்ற ஒரே ஊர். மேற்கே ஒரு பாலம் நிலத்தோடு சேர்க்கிறது. கிழக்கே நியூபோர்ட் நகரத்துக்குப் போகும் பிரமாண்டமான தொங்கு பாலம் 1969-ல் திறக்கப்பட்டது. அதுவரை ஜேம்ஸ்டவுனுக்கும் நியூபோர்ட்டுக்கும் நடுவே ஃபெர்ரிதான். பாலம் வந்ததும் ஃபெர்ரி நின்றுபோனது. 1965-ல் கதை நடப்பதாக வைத்தது எவ்வளவு கச்சிதம் என்பது இங்கேதான் புரிகிறது. இன்னும் நாலு வருடம் தள்ளி வைத்திருந்தால் அந்த ஃபெர்ரி உலகமே இருந்திருக்காது.

இன்னொரு 1965 சமாச்சாரம். அதே வருடம் ஜூலை 25-ம் தேதி, நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாப் டிலன் முதல்முறையாக எலெக்ட்ரிக் கிட்டாரோடு மேடையேறி, கூட்டத்தில் ஒரு பகுதியிடம் திட்டு வாங்கினார். அந்த மேடையும் இதே வளைகுடாவின் பக்கத்தில்தான். உலகம் தலைகீழாக மாறிக்கொண்டிருக்கிறது. ஆறு வாரம் கழித்து, கொஞ்ச தூரத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் தீவில், இரண்டு 12 வயதுப் பிள்ளைகள் கடற்கரையில் ஒரு ஃபிரெஞ்சுப் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஃபிரான்ஸுவாஸ் ஆர்டியின் பாட்டு அது.

அந்த நடனமும் அதைத் தொடரும் முத்தக் காட்சியும் பெற்றோர்களைக் கொஞ்சம் நெளியவைக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலும் 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் வழிகாட்டுதல் தேவை என்றுதான் சான்றிதழ் தந்தார்கள்.

சிவப்பு வீடும் கற்கோட்டையும்

சூஸியின் வீட்டு வெளிப்புறமாக வருவது கனானிகட் தீவின் வடக்கு முனையில் நிற்கும் பழைய கலங்கரை விளக்கம். 1886-ல் மரத்தால் கட்டியது. வீடும் விளக்குக் கோபுரமும் ஒன்றாக இணைந்த கட்டடம். 1933-ல் விளக்கை அணைத்துவிட்டு, பிறகு தனியாருக்கு விற்றுவிட்டார்கள். இன்றைக்கும் அது தனியார் வீடு என்பதால் கேட்டைத் திறந்துகொண்டு செல்ஃபி எடுக்கப் போக முடியாது. தூரத்திலிருந்து பார்க்கலாம்.

வீட்டின் உட்புறம் அங்கே எடுக்கவில்லை. பொம்மை வீடு மாதிரி கேமரா அறை அறையாக நகர்ந்து போகுமே, அந்த உள்வீடு முழுவதும் மிடில்டவுன் என்ற பக்கத்து ஊரில், மூடப்பட்ட ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடைக்குள் போட்ட செட். நியூபோர்ட் போகும் வழியில் இருக்கும் சாதாரண ஷாப்பிங் ஏரியா. தலையணை உறை விற்ற இடத்தில் பில் முர்ரேவும் ஃபிரான்ஸஸ் மெக்டார்மண்டும் கணவன் மனைவியாகத் தனித்தனிக் கட்டிலில் படுத்து, பிள்ளைகளுக்கு இருப்பது நாம் மட்டும்தான், அது போதாதே என்று பேசிக்கொள்ளும் காட்சி எடுக்கப்பட்டிருக்கிறது.

தேவாலயக் காட்சிகளுக்கு நியூபோர்ட்டின் டிரினிட்டி சர்ச். 1726 வாக்கில் கட்டிய வெள்ளை மரக்கட்டடம். ஊசிக்கோபுரம் துறைமுகத்திலிருந்தே தெரியும். சாரணர் முகாம் காட்சிகளுக்கு மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், ராக்வில் பகுதியில் இருக்கும் யாகூக் முகாம் பயன்பட்டது. 1916 முதல் சாரணர்கள் வந்துபோகும் நிஜ முகாம் அது. (படத்தில் வரும் பெரிய முகாமின் கலாட்டாக்கள் எனக்குக் கொஞ்சம் ஓவராகப்பட்டன. அதுவரை மெல்லமாகப் போன படம் அங்கே திடீரென்று சர்க்கஸ் ஆகிவிடுகிறது.)

அந்தக் குடா எங்கே என்பதுதான் எல்லோரும் தேடுவது. ஜேம்ஸ்டவுனின் தென்கிழக்கு மூலையில் ஃபோர்ட் வெதரில் என்ற மாநிலப் பூங்கா இருக்கிறது. நியூபோர்ட் துறைமுகத்துக்குள் எதிரிக் கப்பல் நுழையாமல் காக்க பீரங்கிகள் வைத்த பழைய ராணுவக் கோட்டை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கைவிடப்பட்டது. பீரங்கி மேடைகளில் இப்போது இளைஞர்களின் ஸ்ப்ரே பெயின்ட் ஓவியங்கள். சுற்றிலும் கிரானைட் பாறைகள், உயரமானவை கடலிலிருந்து 100 அடி வரை எழும்புகின்றன. பாறைகளுக்கு நடுவே சின்னச் சின்ன நீர் ஒதுக்கங்கள். முத்துக்குளிப்பவர்கள் மாதிரி காற்று சிலிண்டரோடு முங்குகிறவர்களுக்கு இது பிரபலமான இடம். சாமும் சூஸியும் கூடாரம் போட்ட கரையை இங்கேதான் எடுத்தார்கள்.

நேரில் போனவர்கள் போட்டிருக்கும் படங்களைப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். சின்ன இடம். ராபர்ட் யோமனின் கேமரா சூப்பர் 16 ஃபிலிமில், மஞ்சள் பூசிய பழைய ஆல்பம் மாதிரி எடுத்ததால்தான் அது ராஜ்ஜியமாகத் தெரிந்தது. 12 வயதில் நாம் ஓடி ஒளிந்த தோப்பும் மொட்டைமாடியும் இப்போது போய்ப் பார்த்தால் அவ்வளவுதானே இருக்கும்?

ஃபிரிட்ஜ் மேல் கிடந்த புத்தகம்

காதல் கதை என்றுதான் இந்தப் படத்தைப் பரிந்துரைப்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது ஒரு போன் கால்.

சாம் காணாமல் போனதும் சாரணர் தலைவர் வார்டும் போலீஸ்காரர் ஷார்ப்பும் அவன் வீட்டுக்குப் போன் போடுகிறார்கள். எடுப்பவர் அவன் அப்பா இல்லை. அரசு ஏற்பாட்டில் பிள்ளைகளை வைத்து வளர்க்கும் வளர்ப்பு வீட்டுக்காரர். சாமுக்கு அப்பா அம்மா இல்லை என்பதே அப்போதுதான் வார்டுக்குத் தெரிகிறது. பதிவேட்டில் அப்படி எதுவும் எழுதவில்லை. பையனைக் கண்டுபிடித்தாலும் இனி இங்கே அனுப்ப வேண்டாம், எங்களால் முடியாது என்று அந்த மனிதர் நாகரிகமாகவே சொல்லிவிடுகிறார். அடுத்து சமூக நலத்துறை அதிகாரியாக டில்டா ஸ்விண்டன் வருகிறார். அவருக்குப் படத்தில் பெயரே இல்லை, துறையின் பெயர்தான் அவர் பெயர். பையனை சிறுவர் இல்லத்தில் போடலாம், தேவைப்பட்டால் மின் அதிர்ச்சி சிகிச்சையும் உண்டு என்பதுபோல அவர் பேசும்போது, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நமக்கு வாய் மூடிக்கொள்கிறது.

சூஸிக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது. சாமுக்கு இல்லை. இரண்டு பேரும் ஒரே பாதையில் ஓடினாலும் ஓட்டம் வேறு. கூடாரத்தில் சூஸி தன் புத்தகங்களைப் பற்றிப் பேசும்போது, கதாநாயகிகள் பெரும்பாலும் அநாதைகள், தானும் அப்படி இருந்திருந்தால் வாழ்க்கை சுவாரஸ்யமாக இருந்திருக்கும் என்கிறாள். சாம் கோபப்படுவதில்லை. அவள்மேல் தனக்குள்ள அன்பையும், அவளுக்கு இந்த விஷயத்தில் ஒன்றும் தெரியாது என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறான். அன்பைச் சொல்ல இவ்வளவு வித்தியாசமான நேரத்தை வேறெந்தக் காதல் படமும் தேர்ந்தெடுத்து நான் பார்த்ததில்லை.

சூஸியின் பிரச்னையும் சின்னதல்ல. வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு கையேட்டை அவள் கண்டெடுத்திருக்கிறாள். 'மிகவும் சிக்கலான குழந்தையைச் சமாளிப்பது எப்படி' என்கிற ரகத் தலைப்பு. வீட்டில் நான்கு பிள்ளைகள். யாரைப் பற்றிய புத்தகம் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

இது கற்பனை இல்லை. சிறு வயதில் தன் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இதே மாதிரிக் கையேட்டைப் பார்த்ததாகவும், அது தன்னைப் பற்றியதுதான் என்று உடனே புரிந்துவிட்டதாகவும் வெஸ் ஆண்டர்சன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில், மூன்று சகோதரர்களில் ஒருவராக வளர்ந்தவர் அவர். படத்தில் வரும் இசை நாடகமும் அவர் நடித்ததுதான். பெஞ்சமின் பிரிட்டன், நோவாவின் வெள்ளக் கதையை வைத்துக் குழந்தைகளுக்காக எழுதி, 1958-ல் இங்கிலாந்தின் ஆர்ஃபோர்டு தேவாலயத்தில் அரங்கேறியது அது. மழைத்துளிச் சத்தத்துக்குத் தொங்கவிட்ட பீங்கான் கோப்பைகளைத் தட்டுவார்கள். சிறுவன் ஆண்டர்சனுக்குக் கிடைத்தது நீர்நாய் வேஷம்.

12 வயதில் இப்படி ஒரு காதல் தனக்கு நடந்ததில்லை, நடந்திருக்கக்கூடாதா என்று அப்போது கண்ட கனவின் ஞாபகம்தான் இந்தப் படம் என்கிற மாதிரியும் அவர் சொல்லியிருக்கிறார். கதாநாயகன் ஜேரட் கில்மன், கதாநாயகி காரா ஹேவர்டு இருவருக்குமே இதுதான் முதல் சினிமா. படப்பிடிப்புக்கு முன்பு இருவரையும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிப் பழகச் சொன்னாராம்.

மேக்கரல் குடா

படத்தின் புயலுக்கு வருவோம். வானம் கறுத்து, அணை உடைந்து, மிருக வேஷம் போட்ட பிள்ளைகள் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்து, மின்னல் வெட்டில் சாமும் சூஸியும் கோபுரத்தின் உச்சிக்கு ஏறுகிறார்கள். கார்ட்டூன் மாதிரிதான் இருக்கும். வெளிநாட்டு ரசிகர்கள் ரசித்துச் சிரிக்கலாம். ஜேம்ஸ்டவுன்காரர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதுதான் எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

1938 செப்டம்பர் 21. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நியூ இங்கிலாந்து பகுதியை ஒரு பெரும்புயல் தாக்கியது. 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரோட் ஐலண்டில்தான் சேதம் மிக மோசம். வளைகுடா ஒரு புனல் மாதிரி இருப்பதால் கடல்நீர் உள்ளே ஏறி, பிராவிடன்ஸ் நகரின் தெருக்களே மூழ்கின. ப்ரூடன்ஸ் தீவின் கலங்கரை விளக்கத்தில் காவலரின் வீட்டைக் கடல் அடித்துப்போனது. அவர் உயிர் பிழைத்தார். மனைவியும் மகனும் பிழைக்கவில்லை.

கனானிகட் தீவில் அன்று மாலை பள்ளி விட்டு ஒரு பஸ் கிளம்பியது. உள்ளே 8 பிள்ளைகள். தீவின் தென்மேற்குப் பகுதிக்குப் போக மேக்கரல் குடாவை ஒட்டிய ஒடுக்கமான மணல் திட்டைக் கடந்தாக வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர். பஸ் அங்கே மாட்டிக்கொண்டது. கடல் திட்டின்மேல் ஏறி வந்தது. 7 பிள்ளைகள் இறந்தார்கள். அதில் 4 பேர் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள். ஒரு சிறுவனும் டிரைவரும் மட்டும் கரையேறினார்கள்.

மேக்கரல் குடாவிலிருந்து ஃபோர்ட் வெதரில் காரில் சில நிமிடம்தான். இன்று அது ஊர்க்காரர்கள் வெயில் காய வரும் அமைதியான கடற்கரை.

இதைப் படித்த பிறகு படத்தை மறுபடி ஓடவிட்டேன். அந்தப் பெரியவர் புயல் வரும் தேதியை முதலிலேயே சொல்லிவிடுவது முதல் தடவை பார்த்தபோது ஒரு ஜோக்காகத்தான் பட்டது. இரண்டாம் முறை அப்படி இல்லை. தேதி தெரிந்துவிட்டதால், இந்தப் பிள்ளைகள் பாறையிலும் ஓடையிலும் நடக்கும் ஒவ்வொரு காட்சியிலும் நமக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. இன்னும் இரண்டு நாள். இன்னும் ஒரு நாள். 1938-ல் அந்தத் தேதியை யாரும் இவர்களுக்குச் சொல்லவில்லை.

படத்தில் பிள்ளைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். காப்பாற்றுவது யார் என்பது முக்கியம். புரூஸ் வில்லிஸ் நடித்த போலீஸ்காரர் ஷார்ப். துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்போன மனிதர், இதில் தனியாக வாழும், பேச்சு வராத, தோற்றுப்போன ஆள். முதல்முறை பிடிபட்ட பிறகு சாம் ஒரு ராத்திரி அவரோடு தங்குகிறான். இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். பெரிய வசனம் இல்லை, அணைப்பு இல்லை. புயல் நடுவே, அந்தப் பையனைத் தானே வளர்ப்பதாக ஷார்ப் சொல்கிறார். திருமணமாகாதவருக்குப் பிள்ளையைத் தர முடியுமா என்ற சட்டக் கேள்வி வரும்போது, சூஸியின் வக்கீல் அப்பாவும் அம்மாவும் அதற்கு ஆதரவாக வாதாடுகிறார்கள். அதுவரை ஒருவரோடு ஒருவர் ஒழுங்காகப் பேசாதவர்கள், ஒரு பையனுக்காக ஒரே கட்சியில் நிற்பது அங்கேதான்.

அந்தக் குடா மட்டும் பிழைக்கவில்லை. புயல் அதை மேப்பிலிருந்தே அழித்துவிடுகிறது. கடைசிக் காட்சியில் சூஸியின் வீட்டு மாடியில் சாம் ஒரு ஓவியம் தீட்டிக்கொண்டிருக்கிறான். கீழே சாப்பிடக் கூப்பிடும் சத்தம் கேட்டு ஜன்னல் வழியே இறங்கி, ஷார்ப்பின் போலீஸ் காரில் ஏறிப் போகிறான். ஓவியத்தில் அந்தக் கடற்கரை, மஞ்சள் கூடாரம், மணலில் கற்களை அடுக்கி எழுதிய பெயர்.

2012 மே 16-ம் தேதி கான் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாக இது திரையிடப்பட்டது. அடுத்த ஆஸ்கரில் சிறந்த அசல் திரைக்கதைக்கான பரிந்துரையும் கிடைத்தது. 94 நிமிடம்தான் படம், ஒரு ஞாயிறு மதியத்தில் முடித்துவிடலாம்.

பாஸ்டன் பக்கம் பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடுகளில் அப்பா அம்மா ஆறு மாதம் போய்த் தங்கி, நயாகராவும் நியூயார்க்கும் பார்த்து முடித்துப் போரடித்துக் கிடப்பார்கள். அவர்களுக்கு ஒரு யோசனை. பாஸ்டனிலிருந்து நியூபோர்ட் காரில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். காலையில் டிரினிட்டி சர்ச், பிறகு சுங்கம் கட்டித் தொங்கு பாலத்தில் ஏறி ஜேம்ஸ்டவுன், மதியம் ஃபோர்ட் வெதரில். தீவின் தெற்கு முனையில் பீவர்டெயில் கலங்கரை விளக்கமும் இருக்கிறது. 1749 முதல் அந்த முனையில் விளக்கு எரிகிறது. அங்கே போகும் சாலை மேக்கரல் குடாவைத் தாண்டித்தான் போகும். மே முதல் அக்டோபர் வரை வானிலை நன்றாக இருக்கும். பாறைகளில் வழுக்கும், பேரப்பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

படத்தில் வரும் காட்டுத்தீவு மாதிரியே ஓர் இடம் பார்க்க வேண்டுமென்றால் ப்ரூடன்ஸ்தான். படத்தின் சில பகுதிகளை அங்கேயும் எடுத்திருக்கிறார்கள். வருடம் முழுவதும் வாழ்பவர்கள் சில நூறு பேர்தான். தீவின் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி, நிறைய மண் சாலைகள். பாலம் கிடையாது, பிரிஸ்டல் என்ற ஊரிலிருந்து ஃபெர்ரியில்தான் போக வேண்டும். மான்கள் அதிகம், அதனால் உண்ணிகளும் அதிகம். அவை கடித்தால் லைம் என்ற நோய் வரலாம் என்பதால் முழுக்கால் பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர், சாப்பாடு கையில் இருக்கட்டும். திரும்பி வரும் கடைசி ஃபெர்ரி எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தீவில் தங்குவதற்கு ஹோட்டல் கிடையாது.